அவசர வழியை அடைத்து நிற்கும் பார்சல் பெட்டிகள்

மூன்று நாள்களாகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எழுபது வயதைக் கடந்த என் தாயுடன் கிளாம்பாக்கத்தில் மதுரை செல்லும் ஆம்னி பேருந்தில் ஏறினேன். எங்கள் படுக்கையை ஒட்டியிருந்த அவசர வழிக் கதவை முழுவதுமாக மறைத்து, பார்சல் பெட்டிகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் மட்டுமே இருந்தன.

உதவியாளரை அழைத்துக் கேட்டேன். “திண்டிவனத்துல இறக்கிடுவோம் சார்” என்றார். திண்டிவனத்தில் இரண்டு பெட்டிகளை இறக்கிவிட்டு மூன்று சாக்கு மூட்டைகளை ஏற்றினார்கள். மறுபடியும் கேட்டேன். “விழுப்புரத்துல சரி பண்ணிடலாம் சார்” என்றார். விழுப்புரத்தில் வண்டி நிற்கவே இல்லை. உளுந்தூர்பேட்டைக்கு அருகே சாப்பிட நிறுத்தியபோது ஓட்டுநரிடமே போய்க் கேட்டேன். கையிலிருந்த தேநீரைக் கீழே வைக்காமல், “எஃப்சி எடுத்த வண்டி சார், ஒண்ணும் ஆகாது” என்றார். நாற்பது பேரின் உயிருக்கு அவர் வைத்திருந்த பதில் அவ்வளவுதான்.

அந்த எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், எப்போது எடுக்கப்படுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். வண்டிக்கு எட்டு வயதாகும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் அதைச் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அன்றைக்குச் சுத்தியல் இருக்கும், தீயணைப்பான் இருக்கும், அவசர வழியில் ஒரு துரும்பும் கிடக்காது. மற்ற எல்லா இரவுகளிலும் அந்தக் கதவுக்கு முன்னால் என்ன கிடக்கிறது என்று பார்ப்பது யாருடைய வேலை? நாங்கள் புறப்படுவதற்கு முன் அதிகாரி ஒருவர் பேருந்தில் ஏறத்தான் செய்தார். எவ்வளவு கட்டணம் வாங்கினார்கள் என்று நான்கு பேரிடம் கேட்டார், பெர்மிட்டைப் புரட்டினார், இறங்கிவிட்டார். கட்டணக் கொள்ளையைத் தடுப்பது தேவையான வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பத்தடி நடந்து பின்பக்கம் வந்திருந்தால் அந்தப் பெட்டிகள் அவர் காலில் இடித்திருக்கும்.

2013 அக்டோபரில் பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற சொகுசுப் பேருந்து பாலெம் அருகே தீப்பிடித்து 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபரில் ஜெய்சல்மேர் அருகே ஒரு பேருந்தும், பத்தே நாளில் கர்நூல் அருகே இன்னொரு பேருந்தும் எரிந்து, உள்ளே இருந்தவர்கள் வெளியே வர வழியில்லாமல் கருகினார்கள். விதி இல்லாமல் இவை நடக்கவில்லை. படுக்கைப் பேருந்தின் உடல் எப்படிக் கட்டப்பட வேண்டும், அவசர வழி எங்கே அமைய வேண்டும் என்பதற்கெல்லாம் ஒன்றிய அரசின் தர நிர்ணயங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

அரசால் முடியாது என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகள் வந்தன. இன்றும் பள்ளி திறக்கும் முன் வண்டிகளையெல்லாம் மைதானத்தில் நிறுத்தி, போக்குவரத்துத் துறையும் காவல்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து, அவசரக் கதவைத் திறந்துகூடப் பார்க்கிறார்கள். அதே கையால் இரவில் புறப்படும் ஆம்னி பேருந்தின் கதவையும் திறந்து பார்ப்பதில் என்ன தடை இருக்கிறது? கிளாம்பாக்கத்தில் அத்தனை வண்டிகளும் ஒரே இடத்தில்தானே வரிசையாக நிற்கின்றன?

என் தாய் அன்றிரவு கண்மூடவில்லை. திருச்சியைத் தாண்டிய பிறகு, “ஏதாவது ஆச்சுன்னா நீ முன்பக்கமா ஓடிடுப்பா, என்னைப் பார்க்காதே” என்றார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

விடியற்காலை மாட்டுத்தாவணியில் நாங்கள் இறங்கி நின்றபோது பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று உதவியாளர் வெளியிலிருந்து அந்த அவசரக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இன்னொருவரும் சேர்ந்து இழுத்தார். துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பிறகு அத்தனை பெட்டிகளையும் ஒவ்வொன்றாக முன்வாசல் வழியாகவே தூக்கி வந்தார்கள்.