கார்ட்ரிட்ஜில் ஊதினால் கேம் ஓடுமா?

"பழைய நின்டெண்டோ கேம் ஓடவில்லையா? கார்ட்ரிட்ஜின் (கேம் பதிந்த செருகுபெட்டியின்) வாயில் பலமாக ஊதுங்கள், தூசி பறந்துவிடும்" என்றொரு குறிப்பு குழுக்களில் சுற்றி வருகிறது. தவறு. ஊதி விளையாடிய தலைமுறையில் நானும் ஒருவன்தான்!

கோளாறு பெரும்பாலும் தூசியில் இல்லை. 1985-இல் அமெரிக்காவில் வெளிவந்த என்.இ.எஸ். என்ற நின்டெண்டோ வீடியோ கேம் கருவியில் கார்ட்ரிட்ஜை முன்பக்கமாக நுழைத்துக் கீழே அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் 72 ஊசி இணைப்பான் நாளடைவில் தளர்ந்து, தொடர்பு விட்டுப்போகிறது. உடனே, அசல் கார்ட்ரிட்ஜ்தானா என்று சோதிக்கும் காவல் சிப், பதில் கிடைக்காமல் நொடிக்கு ஒருமுறை கருவியை மறுதொடக்கம் செய்கிறது. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவது அதனால்தான். 1993-இல் வந்த, மேலிருந்து செருகும் மாதிரியில் அந்தச் சிப்பையே எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் ஊதியதும் ஓடியதே? கழற்றி மறுபடி செருகியதில் ஊசிகள் சரியாகப் பொருந்தியிருக்கும்; பெயர் மூச்சுக்குப் போய்விட்டது. மூச்சிலுள்ள ஈரமோ உலோக முனைகளை அரிக்கும். ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவின் வாடிக்கையாளர் உதவிப் பக்கமே சொல்லியிருந்தது.

கழற்றி மறுபடி செருகிப் பாருங்கள்; முனைகள் அழுக்காக இருந்தால் பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடையுங்கள். அந்தக் குறிப்பை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.