மடியை இருக்கையாகக் கணக்கிடாதீர்கள்

கடந்த இரண்டு மாதங்களில் மூன்று தோழிகள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பழைய காரைக் கொடுத்துவிட்டு இன்னொரு சின்ன காரே வாங்கலாமா, அல்லது செவன் சீட்டருக்குப் போய்விடலாமா என்பதுதான் அது. தொலைபேசியில் அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதுகிறேன். திருச்சியில் எங்கள் வீட்டில் நாங்கள் ஆறு பேர்: நானும் கணவரும், இரண்டு பெண் குழந்தைகள், அத்தை, மாமா. 2015-இல் வாங்கிய எங்கள் ஹேட்ச்பேக் என்கிற சின்ன காரின் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை ஐந்து என்றுதான் இருந்தது. அந்த ஆறாவது ஆளை எங்கே வைத்தோம் என்பதில்தான் இந்தப் பதிவே அடங்கியிருக்கிறது.

மடியில் வைத்தோம். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறோம், அதை ஒரு தவறாக எண்ணுவதுகூட இல்லை. முன்னிருக்கை ஒரே பலகையாக இருந்த அம்பாசிடரில் எட்டுப் பேர், ஒன்பது பேர் என்று நெருக்கியடித்துக் கல்யாணத்துக்குப் போய் வந்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். காரில் இடம் என்பது மனத்தில் இடம் இருந்தால் வந்துவிடும் என்று வளர்ந்தவர்கள். ஆகவே கார் வாங்கும்போது குழந்தைகளைத் தலையாக எண்ணாமல், பெரியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, "நாலு பெரியவங்க, ரெண்டு பொடிசு, தாராளமா போதும்" என்று முடிவு செய்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் முடிவு செய்தோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பட்டோம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்த நாள் எவ்வளவு முக்கியம் என்பது அந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். எந்த ஊரில் இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மதுரை தாண்டி, கோவில்பட்டி தாண்டி, கயத்தாறு வருவதற்குச் சற்று முன்னால் நான்குவழிச் சாலையின் நடுத்திட்டிலிருந்து ஓர் ஆட்டு மந்தை குறுக்கே இறங்கியது. கணவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி எதன் மீதும் மோதவில்லை, ஓர் ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்னிருக்கையில் அத்தைக்கும் மூத்தவளுக்கும் நடுவில், பெல்ட் போட இடமில்லாமல் உட்கார்ந்திருந்த என் மடியிலிருந்து சின்னவள் வழுகிப்போய் முன்னிருக்கையின் முதுகில் முகம் மோதினாள். உதடு கிழிந்தது, ஒரு பால்பல் ஆடிப்போயிற்று. அவளுக்கு அப்போது மூன்று வயது. என் இரண்டு கைகளும் அவளைச் சுற்றித்தான் இருந்தன.

அந்த இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுபோனால், உள்ளே இருப்பவர்கள் தத்தம் எடையைப்போல் பதினான்கு மடங்கு விசையோடு முன்னால் தள்ளப்படுவார்கள். 12 கிலோ எடையுள்ள என் மகளை அந்தக் கணத்தில் பிடித்துநிறுத்த, ஏறக்குறைய 170 கிலோ மூட்டையைத் தாங்கும் வலு என் கைகளுக்கு இருந்திருக்க வேண்டும். எந்தத் தாய்க்கும் அந்த வலு கிடையாது. எங்களுக்கு நேர்ந்தது வெறும் பிரேக். மோதலாக இருந்திருந்தால் என்பதை நினைக்கவே எனக்கு இன்றும் கை நடுங்குகிறது. 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தில் விபத்தில் இறந்தபோது, அவர் பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்பதை நாம் எல்லோரும் செய்தியில் படித்தோம். படித்துவிட்டு, மறுவாரமே பின்னிருக்கையில் நான்கு பேராக ஏறினோம்.

ஆகவே, எந்த வண்டி என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மைலேஜையோ பட்ஜெட்டையோ அல்ல. வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தையையும் சேர்த்து எத்தனை தலை என்பதைத்தான். நான்கு என்றால் சின்ன காரே நல்லது, அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஐந்து என்றால் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஹேட்ச்பேக்கின் பின்னிருக்கையில் ஒரு குழந்தை இருக்கையைப் பொருத்திவிட்டால், மீதி இடத்தில் இரண்டு பெரியவர்கள் தோளோடு தோள் இடிக்காமல் உட்கார முடியாது. ஐந்து என்று எழுதியிருப்பது நடைமுறையில் நான்காகிவிடும். ஆறு என்றால், சின்ன கார் வாங்குவது என்பது ஒரு குழந்தையை மடியில் ஏற்றுவது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான்.

இதற்குச் சொல்லப்படும் மறுமொழி எனக்குத் தெரியும், அதை மதிக்கவும் செய்கிறேன். வருடத்தில் 340 நாள் ஒருவரோ இருவரோ போகிற வண்டிக்கு ஏழு இருக்கை எதற்கு, ஊருக்குப் போகும்போது ஓர் இன்னோவாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போயிற்று என்பார்கள். பணக்கணக்கில் இது சரிதான். கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர், ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம் என்று எல்லாவற்றையும் கூட்டினாலும், ஆண்டுக்கு நான்கைந்து பயணங்களின் வாடகை ஒரு பெரிய வண்டியின் கூடுதல் தவணையைவிடக் குறைவாகவே இருக்கும். நாங்களும் இரண்டு முறை அப்படி எடுத்தோம். இரண்டு முறையும் மூன்றாம் வரிசையின் பெல்ட் கொக்கிகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. அவற்றைத் தோண்டி எடுக்க நான் முயன்றபோது ஓட்டுநர் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் வாடகைக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊர்ப் பயணத்துக்கு வண்டி அமர்த்துவோம். சமயபுரத்துக்கோ, உறையூரில் ஒரு வளைகாப்புக்கோ, ஞாயிற்றுக்கிழமை மாலை முக்கொம்புக்கோ யாரும் இன்னோவா அமர்த்துவதில்லை. அந்தச் சின்னப் பயணங்களின்போது எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். எல்லோரும் கிளம்பி நிற்கும் வேளையில் அத்தை, "நீங்க போயிட்டு வாங்கம்மா, எனக்கு முழங்கால் வலிக்குது, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்பார். எத்தனையோ முறை அதை நம்பினேன். வலி உண்மைதான், ஆனால் வண்டியில் இடம் இருக்கும் நாட்களில், அதாவது என் கணவர் ஊரில் இல்லாத நாட்களில், அதே முழங்காலோடு முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். அதைக் கண்டுகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. ஐந்து இருக்கை வண்டி எங்கள் வீட்டில் ஒரு மூத்த பெண்மணியை வாரந்தோறும் வாசலில் நிறுத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இனி, தினமும் வண்டி ஓட்டுகிற பெண்ணாக என் அச்சத்தைச் சொல்ல வேண்டும். பெரிய வண்டியை எங்கள் தெருவில் திருப்ப முடியுமா, அலுவலகத்தில் நிறுத்த முடியுமா என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அளவுகளை எடுத்துப் பார்த்தேன். ஐந்து இருக்கையுள்ள வேகன் ஆர் 3,655 மில்லிமீட்டர் நீளம், ஏழு இருக்கையுள்ள எர்டிகா ஏறத்தாழ 4,400. வித்தியாசம் ஏறத்தாழ இரண்டரை அடி. வண்டி வளைந்து திரும்பத் தேவையான திரும்பு ஆரம் வேகன் ஆருக்கு 4.7 மீட்டர், எர்டிகாவுக்கு 5.2. இந்த இரண்டரை அடி எனக்கு முதல் இரண்டு வாரம் வியர்க்க வைத்தது, அதன்பின் பழகிவிட்டது. பின்பக்கக் கேமரா இருந்தால் இன்னும் எளிது. எரிபொருளைப் பொறுத்தவரை, நிறுவனம் சொல்லும் மைலேஜ், ஒரு லிட்டர் எஞ்சின் உள்ள வேகன் ஆருக்கு லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர், மேனுவல் கியர் எர்டிகாவுக்கு 20.51. சாலையில் இரண்டுமே அவ்வளவு தராது, ஆனால் ஒப்பிட இது போதும்: மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் எட்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம்தான் வருகிறது. சுங்கச்சாவடியில் இரண்டும் ஒரே வகை, ஒரே கட்டணம். பயந்த அளவுக்கு அன்றாடச் செலவு இல்லை.

வாங்கும்போது ஆகும் செலவுதான் உண்மையில் கனக்கிறது, அதில் பெரும்பங்கு வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அந்த வரம்பைத் தாண்டினால் 40 சதவீதம். எர்டிகா 1,462 சி.சி., நீளமும் நான்கு மீட்டருக்கு மேல். ஆகவே அது கோடி ரூபாய் சொகுசு கார்களோடு ஒரே வரிசையில் நிற்கிறது. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட, வண்டியைப் பதிவு செய்யும்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுட்கால வரி, ஐந்து முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். ஒன்பதே முக்கால் லட்சத்து வண்டிக்கும் பத்தே கால் லட்சத்து வண்டிக்கும் விலையில் ஐம்பதாயிரம்தான் வித்தியாசம். வரியில் மட்டும் 57 ஆயிரத்துக்கு மேல் கூடிவிடுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அது நியாயமான சட்டம். ஆனால் அந்தக் குழந்தைக்கு ஓர் இருக்கையும் பாட்டிக்கு ஓர் இருக்கையும் தருகிற வண்டியைச் சொகுசாகக் கருதி வரி போடுவது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. பெற்றோரோடு சேர்ந்து வாழும் நடுத்தரக் குடும்பத்துக்கு ஆறாவது இருக்கை ஆடம்பரம் அல்ல. நீளத்தையும் சி.சி.யையும் அளக்கிற வரித்துறை இருக்கைகளையும் எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வரம்புக்குள் அடங்குவதற்காகவே உருவான வண்டிபோல் இருப்பது 2019-இல் வந்த ரெனோ நிறுவனத்தின் ட்ரைபர். 3,990 மில்லிமீட்டருக்குள் ஏழு பேர். மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் டிக்கி 625 லிட்டர் ஆகிறது, ஏழு இருக்கையும் இருந்தால் 84 லிட்டர்தான். நகருக்குள் ஓடுகிற ஆறு பேர் குடும்பத்துக்கு, பட்ஜெட் இறுக்கமாக இருந்தால், இதை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். 72 குதிரைத்திறன் எஞ்சினோடு ஏழு பேரும் பெட்டிகளும் ஏறி அடிக்கடி கொடைக்கானல் மலைப்பாதைக்குப் போகிறவர்கள் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். எர்டிகாவிலும் மூன்று வரிசையும் நிரம்பினால் டிக்கி 209 லிட்டர்தான். இரண்டு நடுத்தரப் பெட்டிகளோடு இடம் முடிந்துவிடும். இன்னோவா இவை எல்லாவற்றையும்விட வசதியானது, எங்கள் கைக்கு எட்டாதது, அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்.

செவன் சீட்டர் வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. மூன்றாம் வரிசை யாருக்கு என்பதை முன்பே யோசிக்க வேண்டும். பெரியவர்களைப் பின்னால் தள்ளிவிட்டு நடு வரிசையில் இளையவர்கள் சாய்ந்துகொள்ளும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மடக்கிய இருக்கைக்கு இடையில் குனிந்து நுழைந்து, முழங்காலை மார்போடு ஒட்டி, முந்நூறு கிலோமீட்டர் உட்கார்ந்து வர எழுபது வயது உடம்பால் முடியாது. சின்னக் குழந்தையின் இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் பல வண்டிகளில் நடு வரிசையில்தான் இருக்கின்றன. ஆகவே நடு வரிசை பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைக்கும், பின் வரிசை வளர்ந்த பிள்ளைக்கும் துணைக்கு ஒரு பெரியவருக்கும் என்பதே சரியான ஏற்பாடு. பின் வரிசையில் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் முழுமையான மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, தலைதாங்கி இருக்கிறதா, குளிர்காற்று வந்து சேர்கிறதா என்று நீங்களே அங்கே உட்கார்ந்து பாருங்கள். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் பாரத் என்கேப் மதிப்பீட்டில் பெரியவர்களுக்குத் தனியாகவும் குழந்தைகளுக்குத் தனியாகவும் நட்சத்திரம் தருகிறார்கள். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடுவதை மட்டும் பார்க்காமல் இரண்டையும் பாருங்கள்.

முக்கியமாக, ஷோரூமுக்குக் கணவனும் மனைவியும் மட்டும் போகாதீர்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்துப் போங்கள், ஊருக்கு எடுத்துப் போகும் பெட்டியையும் பையையும் கொண்டுபோங்கள், எல்லோரையும் ஏற்றி, எல்லோருக்கும் பெல்ட் மாட்டி, டிக்கியை மூடிப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் மூன்று இடங்களில் ஏறி இறங்கினோம். விற்பனையாளர்களில் ஒருவர் பொறுமையிழந்தார், மற்ற இருவரும் அத்தைக்கு நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள்.

புது வண்டியின் ஆன்ரோடு விலைக்கு எங்களால் போக முடியவில்லை. ஒரே உரிமையாளரிடம் இருந்த, மூன்று வயதான பழைய எர்டிகாவைத்தான் சென்ற ஆண்டு வாங்கினோம். நடு வரிசையில் இடப்பக்க ஜன்னலோரம் அத்தையின் இடம். ஏறும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது, உட்கார்ந்தால் பாதம் தரையில் படிகிறது என்று அவரே தேர்ந்தெடுத்தார். வலப்பக்கம் சின்னவள் தன் இருக்கையில். பின்னால் நானும் மூத்தவளும். இந்தப் பங்குனி உத்திரத்துக்குப் போகும்போது கயத்தாறு நெருங்கியதும் நான் முன்னால் எட்டிச் சின்னவளின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் கை பாட்டியின் கைக்குள் இருந்தது.