பிடுங்கப்பட்ட நான்கு பாடவேளைகள்

நம் பிள்ளைகளின் பள்ளி பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடியும் இங்கே ஒட்ட விரும்பவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து விளையாட்டுக்கும் ஓவியத்துக்கும் வாரத்தில் இருந்த 4 பாடவேளைகளைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பெற்றோர் ஒருவர் அதன்கீழ், "கேரம் ஆடி எவன் உருப்பட்டான்?" என்று எழுதியிருந்தார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வடசென்னையில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? வியாசர்பாடியில் மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டியவரின் மகள் இளவழகி 2008இல் உலக சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்காவுக்குப் போய் 3 தங்கப் பதக்கங்களோடு திரும்பினார். இருவரும் ஆடியது கேரம்தான்.

எல்லாப் பிள்ளையும் காசிமா ஆகிவிடுமா என்று உடனே கேட்பீர்கள். ஆகாது. பதக்கம் எதுவும் வாங்கப்போகாத பிள்ளைக்காகத்தான் நான் பேசுகிறேன். நானே அப்படிப்பட்ட பிள்ளைதான்.

தண்டையார்பேட்டையில் எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்குக் கடுமையான திக்குவாய். பாடத்தை வாசிக்கச் சொன்னால் சட்டை நனைய நிற்பேன். வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் ஆசிரியர் அடுத்தவனைக் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பி.டி. மாஸ்டர் 2 கேரம் பலகைகளை எடுத்துப் போடுவார். எனக்கு ஆட்டம் வரவில்லை என்று கண்டுகொண்ட அவர், ஒருநாள் என் கையில் நோட்டைக் கொடுத்து, "நீதான்டா அம்பயர், பாயிண்டைச் சத்தமா சொல்லு" என்றார். ஆட்டம் 25 புள்ளிக்கு. காய்களை முதலில் முடிப்பவருக்கு, எதிராளியிடம் மிச்சமிருக்கும் ஒவ்வொரு காய்க்கும் 1 புள்ளி, சிவப்புக் காய்க்கு 3 புள்ளி. ஆனால் 22ஐத் தொட்டுவிட்டவருக்கு அந்த மூன்று கிடையாது. அன்று 22இல் இருந்த ஒருவன் சிவப்பையும் போட்டு, எதிராளிக்கு இரண்டு காய் மிச்சம் இருக்கும்போதே தன் காய்களை முடித்துவிட்டு, ஜெயித்துவிட்டேன் என்று குதித்தான். இல்லை, 24தான் என்று நான் சொல்ல வேண்டும். சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. போரிக் பவுடர் அப்பிய கைகளோடு நான்கு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை, அவர்களுக்கு என் தீர்ப்பு தேவைப்பட்டது. சொல்லி முடித்தேன். திக்கு இன்றும் முழுதாகப் போகவில்லை, ஆனால் துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்தில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசித்தான் என் குடும்பம் நடக்கிறது. எந்தக் கணக்குப் பாடவேளை எனக்கு அதைக் கொடுத்திருக்கும்?

பொதுத்தேர்வு முக்கியம் என்பீர்கள். முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. சட்டம் தெரியாமல் பேசுகிறேன் என்றும் ஒருவர் சொன்னார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு இடம் வேண்டும் என்கிறது, பிள்ளையின் முழுமையான வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது 14 வயது வரைதான், ஒன்பதாம் வகுப்பு அதில் வராது என்பது அவர் வாதம். பதினைந்தாவது பிறந்தநாளில் பிள்ளைக்கு ஓடுகிற கால் நின்றுவிடுமா? அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும்தானே மேடை ஏறுகிறார்கள்?

விளையாட வேண்டுமானால் வீட்டுக்குப் போய் விளையாடட்டும் என்ற பதில்தான் என்னை மிகவும் புண்படுத்தியது. எந்த வீட்டில், ஐயா? ஒரே அறையில் 5 பேர் படுக்கிறோம். வாசலில் இறங்கினால் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வரை கண்டெய்னர் லாரி வரிசை. எங்கள் பிள்ளைகள் பயமில்லாமல் ஓடக்கூடிய ஒரே மண் அந்தப் பள்ளி மைதானம். அதையும் பூட்டிவிட்டு, இந்தப் பசங்க தெருவில் சுற்றுகிறார்கள் என்று நம்மையே குறை சொல்வார்கள். இந்தப் பேச்சைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

திங்கட்கிழமை காலை 9 மணிக்குப் பெற்றோர் சிலர் தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறோம். அந்த 4 பாடவேளைகளையும் திரும்பத் தரும்படி எழுதிக் கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் 15 நிமிடம் முன்னதாகவே பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள்.