கேப்டனின் குடும்பத்தைத் தேடுகிறீர்களா? சாவிலிருந்து தொடங்குங்கள்

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கடற்படை கேப்டன் ஒருவரின் வம்சத்தைத் தேடுபவர்கள் பலரும் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் முதலில் திறக்கிறார்கள். அங்கேதான் வண்டி தடம் புரள்கிறது. ஒரே பெயரில், ஒரே பத்தாண்டில் நாலைந்து பிள்ளைகள் இருப்பார்கள். எந்தப் பிள்ளை பின்னால் கேப்டன் ஆனான் என்று பாதிரியார் எழுதி வைத்திருக்கமாட்டார்.

ஆகவே முதலில் உயில். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ப்ரோப் 11 வரிசையைப் பாருங்கள். கேன்டர்பரி பேராயரின் உயில் நீதிமன்றப் பதிவேடு அது. கடலில் செத்தவர்கள், லண்டனில் சம்பள பாக்கி உள்ளவர்கள் உயில் பெரும்பாலும் அங்கேதான் வரும். 1653 முதல் 1660 வரை நாடு முழுக்க ஒரே நீதிமன்றம் என்பதால், அந்த ஆண்டுகளில் இறந்தவர் என்றால் தேடல் சுலபம். ஆனால் ப்ரோப் 11 என்பது குமாஸ்தா எழுதிய நகல். கையெழுத்தையும் முத்திரையையும் பார்க்க ப்ரோப் 10-க்குப் போகவேண்டும். போரில் திடீரென்று செத்தவர்கள் பலர் உயிலே எழுதவில்லை. அவர்கள் சொத்தை நிர்வகிக்க விதவைக்கோ கடன்காரருக்கோ கொடுத்த உத்தரவு ப்ரோப் 6-இல் பெரும்பாலும் லத்தீனில் நாலு வரியாகக் கிடக்கும்.

உயிலில் உறவுமுறைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்காலத்தில் ஆங்கிலத்தில் 'சன்-இன்-லா' (மருமகன்) என்று எழுதப்பட்டவன் மனைவியின் முதல் கணவனுக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம்.

ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி கிறிஸ்டோபர் மிங்ஸ் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 1666 ஜூனில் டச்சுக்காரர்களோடு நடந்த நான்கு நாள் போரில் குண்டடிபட்டு இறந்தவர். அவர் அடக்கத்துக்குப் போய்வந்த கடற்படை நிர்வாக அதிகாரி சாமுவேல் பீப்ஸ், தகப்பன் செருப்பு தைப்பவர், தாய் சிறு படகோட்டியின் மகள், மிங்ஸே இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார் என்று நாட்குறிப்பில் எழுதினார். ஆளைத் தெரிந்தவர் எழுதியது, அதுவும் செத்த சூட்டோடு. இதைவிட நல்ல சாட்சி உண்டா?

உண்டு. நார்ஃபோக் கரையோரக் கிராமமான சால்ட்ஹவுஸின் பதிவேட்டில் 1623-இல் ஜான் மிங்ஸுக்கும் கேத்தரின் பாருக்கும் திருமணம். 1625 நவம்பரில் மகன் கிறிஸ்டோபருக்கு ஞானஸ்நானம். கேத்தரினின் தகப்பன் அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த கிறிஸ்டோபர் பார். பேரனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர்! மிங்ஸின் உயிலிலும் சால்ட்ஹவுஸ் நிலம் மகனுக்குப் போகிறது. பதிவேடு, உயில், நிலம் மூன்றும் ஒரே கிராமத்தைக் காட்டுவதால்தான், தாய் படகோட்டி மகள் அல்ல, நிலக்காரர் மகள் என்பது நிற்கிறது. பீப்ஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. கனவான்களும் தார்பாலின்களும் (சாதாரண மாலுமியாகத் தொடங்கி மேலே வந்த அதிகாரிகள்) முறைத்துக்கொண்டிருந்த கடற்படையில், ஏழை வீட்டுப் பிள்ளை என்ற பேச்சுக்கு மாலுமிகளிடம் மதிப்பு இருந்திருக்கும். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதும் செவிவழிச் செய்திதான்.

தேதியில் கவனம். இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். 1665 நவம்பரில் ஞானஸ்நானம், 1665 பிப்ரவரியில் அடக்கம் என்று பார்த்தால் அது வேறு குழந்தை என்று தள்ளிவிடாதீர்கள். அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1666. 1640-களின் உள்நாட்டுப் போர்க் காலப் பதிவேடுகளில் ஓட்டைகள் ஏராளம். லண்டன் பேட்டைகளில் 1666 பெருந்தீயில் எரிந்த பதிவேடுகள் வேறு.

இந்த ஓட்டையை அடைக்க, கடல் வழக்குகளை விசாரித்த அட்மிரால்டி நீதிமன்றச் சாட்சியங்களை விட்டால் நல்ல வழியில்லை. எச்.சி.ஏ. 13 வரிசை. கப்பல் தகராறில் சாட்சி சொல்ல வந்தவரின் பெயர், ஊர், தொழில், வயது தலைப்பிலேயே இருக்கும். 'ஸ்டெப்னி பேட்டை ராட்கிளிஃப்வாசி, மாலுமி, வயது 40 அல்லது அதையொட்டி' என்கிற மாதிரி. அந்த 'அதையொட்டி'யை மதித்து முன்பின் ஐந்தாண்டு தேடுங்கள். கேப்டன்களின் கப்பல் குறிப்பேடுகள் ஏறக்குறைய 1669-க்குப் பிறகுதான் ஒழுங்காகக் கிடைக்கின்றன. அவற்றில் காற்றும் நங்கூரமும் உண்டு, குடும்பம் இராது. குடும்பம் வேண்டுமென்றால் அரசு ஆவணங்களில் உள்ள விதவைகளின் மனுக்களைப் புரட்டவேண்டும்.

ஒரே குடும்பப் பெயரை மட்டும் துரத்துவதும் வீண். மிங்ஸின் கீழ் கடற்படையில் பணியாற்றி வளர்ந்தவர் ஜான் நார்பரோ. நார்பரோவிடம் வளர்ந்தவர் கிளவுட்ஸ்லி ஷவல். மூவரும் நார்ஃபோக்கின் அதே கரைக்காரர்கள். நார்பரோ இறந்தபின் அவர் விதவை எலிசபெத்தை 1691-இல் ஷவல் மணந்தார். 1707-இல் சில்லி தீவுகளருகே ஷவலோடு மூழ்கியவர்களில் நார்பரோவின் இரு மகன்களும் உண்டு. உங்கள் கேப்டனின் உயில் கிடைக்கவில்லை என்றால், அவரை வளர்த்த கேப்டனின் உயிலையும், விதவை மறுமணம் செய்த ஆளின் உயிலையும் எடுத்துப் பாருங்கள்.