சி டிரைவில்தான் குந்துவேன் என்று நிற்கும் லோஞ்சர்

கேமை எந்த டிரைவில் போடுவது என்று கேட்கிறார்கள். சந்தோஷம். அந்தக் கேமை இறக்கி, அப்டேட் செய்து, திறந்துவிடுகிற புரோகிராமான லோஞ்சரை எங்கே போடுவது என்று மட்டும் ஒருத்தரும் என்னிடம் கேட்பதில்லை. திரை நடுவில் பெரிய பட்டன் ஒன்று, "இன்ஸ்டோல்". அழுத்தினால் அலுவல் முடிந்தது. நேரே சி டிரைவ். அதிலும் தேடினால் கிடைக்கிற இடமா? யூசர்ஸ் போல்டர், அதற்குள் என் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல். இந்த ஆப்டேட்டா விண்டோஸே வழக்கமாக மறைத்து வைத்திருக்கிற போல்டர். வாடகைக்கு வந்தவன் சாமியறையில்தான் பாய் விரிப்பேன் என்று நிற்கிற கதை இது.

என் சி டிரைவ் 120 ஜிபி எஸ்.எஸ்.டி, அதாவது வேகமான, விலை கூடிய டிஸ்க். பெட்டியில்தான் 120, விண்டோஸில் 111. (விற்கிறவர் 1000 ஆல் கணக்குப் பார்க்கிறார், விண்டோஸ் 1024 ஆல் பார்க்கிறது, நட்டம் எனக்கு.) விண்டோஸும் தங்கச்சியின் கம்பஸ் வேலைகளும் போக அதில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பக்கத்திலேயே 1 டிபி ஹார்ட் டிஸ்க், பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. அதை லோஞ்சர் திரும்பியும் பார்க்காது.

"பெரிய எஸ்.எஸ்.டி ஒன்று வாங்கிப் போடன்" என்று சொல்கிற அண்ணைமாருக்கு ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் விழத் தொடங்கிய இலங்கை ரூபா, மே மாதமளவில் ஒரு டொலருக்கு 360 வரை போனது. அதற்கு முன் 200 தான். அந்த 200 க்கு அது பிறகு திரும்பவே இல்லை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடைகளில் விலை கேட்டுவிட்டு "பிறகு வாறன் அண்ணை" என்று சொல்லி வந்தவர்களுக்குத் தெரியும். இருக்கிற டிஸ்க்கைப் பாவிக்க விடாத ஒருவனுக்காக நான் ஏன் புது டிஸ்க் வாங்க வேண்டும்?

லோஞ்சர் சின்னச் சாமான்தானே என்று நினைக்க வேண்டாம். இப்போது வருகிற பலவற்றுக்குள் ஒரு முழு பிரவுசரே ஒளிந்திருக்கிறது. கடை, விளம்பரம், நண்பர் பட்டியல் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. அது சேர்த்து வைக்கிற தற்காலிகப் பிரதிகள் (கேஷ்), பழைய அப்டேட்டின் மிச்சம், நடந்ததை எழுதி வைக்கிற லொக் பைல்கள் என்று ஆப்டேட்டா ஊதிக்கொண்டே போகும்.

எனக்கு விசர் பிடித்தது இதனால் இல்லை, டவுன்லோடால். பகல் டேட்டாவில் கை வைத்தால் வீட்டில் சண்டை. ஆகவே இரவுக்கென்று தனியாகத் தருகிற நைட் டேட்டா தொடங்கட்டும் என்று 12 மணி வரை முழித்திருந்து, கேமுக்கு டி டிரைவைத் தெரிவு செய்து, ஓட விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழும்பிப் பார்த்தால் திரையில் "போதிய இடமில்லை". டி டிரைவில் 600 ஜிபி காலி! கிண்டிப் பார்த்தால், இந்தக் கோதாரி இறக்குவதையெல்லாம் முதலில் சி டிரைவின் டெம்ப் போல்டரில் கொட்டி, அங்கே பிரித்து, பிறகுதான் டி டிரைவுக்கு நகர்த்துமாம். பிறகு என்ன கோதாரிக்கு என்னிடம் டிரைவ் கேட்டாய்? போன டேட்டாவை யார் தருவது?

சரி, குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. லோஞ்சர் போல்டரை டி டிரைவுக்கு நகர்த்திவிட்டு, கொமாண்ட் பிரொம்ப்டில் எம்கேலிங்க் கட்டளையால் பழைய இடத்தில் ஒரு ஜங்ஷன், அதாவது புது இடத்துக்குத் திருப்பிவிடுகிற பொய்ப் போல்டர், போடலாம். லோஞ்சர் தான் சி டிரைவில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். எனக்கு அருமையாக வேலை செய்தது, அடுத்த அப்டேட் வரும் வரை. அப்டேட் அந்த ஜங்ஷனைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் புதுப் போல்டர் திறந்து மறுபடி குடியேறிவிட்டது.

என் பாடாவது இடப் பிரச்சினை. சுன்னாகத்தில் இருக்கிற சித்தியின் மகனுக்கு வந்தது அதைவிடக் கொடுமை. அவன் விண்டோஸ் போடும்போது தன் பெயரை ஆசையாகத் தமிழில் அடித்துவிட்டான். விண்டோஸும் அதே பெயரில் யூசர் போல்டரை உண்டாக்கியது. விண்டோஸுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை, உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கிற யூனிகோடில் தமிழ் 1991 இலேயே ஏறிவிட்டது. லோஞ்சர்தான் திறக்கவில்லை. "அண்ணா, என்ர பெயர் இருக்க வேண்டிய இடத்தில எல்லாம் கேள்விக்குறி வருது" என்று போன் எடுத்தான்.

நடப்பது இதுதான். அந்த லோஞ்சரை எழுதியவர்கள், யூனிகோடுக்கு முந்திய பழைய ஆன்சி முறையில் போல்டர் பெயரை வாசிக்கிறார்கள். ரஷ்ய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் அந்த முறைக்கான எழுத்து அட்டவணை (கோட் பேஜ்) விண்டோஸில் உண்டு, அவர்கள் சிஸ்டம் மொழியை மாற்றித் தப்பலாம். தமிழுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை, யூனிகோட் மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகிறது. கேள்விக்குறியோ விண்டோஸில் போல்டர் பெயருக்குள் வரவே முடியாத குறி. பிறகு எங்கே திறக்கிறது! லோஞ்சரை டி டிரைவில் ஒரு ஆங்கிலப் போல்டரில் போட விட்டிருந்தால் பெடியன் தப்பியிருப்பான். விடவில்லையே. கணக்கின் பெயரைப் பிறகு மாற்றினாலும் போல்டரின் பெயர் மாறாது. கடைசியில் ஆங்கில எழுத்தில் இன்னொரு யூசர் கணக்குத் திறந்து விளையாடுகிறான்.

ஆப்டேட்டாவில் போடுவதற்கு லோஞ்சர்காரர் சொல்லும் நியாயமும் தெரியும். 2007 இல் விஸ்டா வந்ததிலிருந்து புரோகிராம்கள் வழக்கமாகக் குடியிருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ் போல்டரில் எழுதுவதென்றால் அட்மின் அனுமதி வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் "அனுமதிக்கவா?" என்று பெட்டி வரும். ஆப்டேட்டாவில் அந்தத் தொல்லை இல்லை. சரிதான். ஆனால் டி டிரைவில் நானே உண்டாக்கிய போல்டரில் எழுதவும் அட்மின் அனுமதி தேவையில்லையே! அந்தப் பெட்டி அங்கேயும் வராது. ஸ்டீம் என்கிற லோஞ்சர் இன்ஸ்டோல் ஆகும்போதே எங்கே என்று கேட்கிறது. அவர்களால் முடிவது மற்றவர்களுக்கு ஏன் முடியாது? பழைய காலத்து சீடி கேம்கள்கூட ஒரு "பிரௌஸ்" பட்டன் வைத்திருந்தன. அந்த ஒரு பட்டனை எடுத்துவிட்டு அதற்கு எளிமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எழுதி, படமும் எடுத்து லோஞ்சர்காரருக்கு அனுப்பினேன். டிஸ்க் கிளீனப் ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. ஓட்டினேன். போதாமல், திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிற ஹைபர்னேட் வசதியையும் நிறுத்தினேன். அது ரேமில் 40 சதவீத அளவுக்கு டிஸ்க்கில் இடம் பிடித்து வைக்கும், என் 8 ஜிபி ரேமுக்கு 3 ஜிபிக்கு மேல் கிடைத்தது. அன்று பின்னேரமே லோஞ்சருக்கு அடுத்த அப்டேட் வந்து அதையும் பிடித்துக்கொண்டது.