மெகாவாட் இருக்கட்டும், ஈரம் எவ்வளவு?

ஓசூர் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் பற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. ஓசூர் குப்பையில் ஈரம் எவ்வளவு என்று யாராவது அளந்தீர்களா? பதில் வரவில்லை. "வளர்ச்சி பிடிக்காதவங்க எதைக் கொண்டுவந்தாலும் இப்படித்தான் பேசுவாங்க" என்றார் ஒருவர். கைதட்டினார்கள். மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை.

குப்பையில் மின்சாரம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எத்தனை மெகாவாட் என்று பேசும் முன் குப்பையைப் பாருங்கள் என்றேன். 2019இல் மாநகராட்சியான ஊர், இன்னும் வளரப்போகிற ஊர். நம் வீட்டு வாளியில் என்ன இருக்கிறது? மிச்சச் சோறு, காய்த்தோல், வாழையிலை. சந்தையில் அழுகிய தக்காளி, வாடிய ரோஜா. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 540 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். எரிகிற குப்பையின் சூடு ஈரக் குப்பையைக் காயவைக்கவே போய்விட்டால் மின்சாரம் எங்கிருந்து வரும்? டெல்லி திமார்பூரில் 1987இல் கட்டிய ஆலை சில வாரங்களிலேயே நின்றது இதனால்தான். எதிர்பார்த்த வெப்பம் அந்தக் குப்பையில் இல்லை.

ஈரக் குப்பையை எரிக்காமல் கலனில் அழுகவைத்து எரிவாயு எடுக்கலாம். அதற்கும் அளவு தெரிய வேண்டும். பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் சாண எரிவாயுக் கலன் இருந்தது. ஒரு வருடம் தக்காளிக்குப் பறிகூலிகூடத் தேறவில்லை. வீணாய்ப் போவதற்குக் கலனிலாவது போகட்டும் என்று அப்பா கூடை கூடையாகக் கொட்டினார். சில நாளில் அடுப்பு அணைந்துவிட்டது. உள்ளே எல்லாம் புளித்துவிட்டது. மறுபடி சாணம் மட்டும் கரைத்து ஊற்றி, நீலச் சுடரைப் பார்க்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை அம்மா ஈர விறகோடு இருமிக்கொண்டு சமைத்தார். எதைப் போடுகிறோம், எவ்வளவு போடுகிறோம் என்று தெரியாமல் கலன் கட்டக்கூடாது என்பது எனக்கு அம்மாவின் இருமலில் தெரிந்த பாடம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் பருவத்தில் கொட்டையும் தோலும் மலையாகக் குவியும். மற்ற மாதங்களில்? அந்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் வைத்துத்தானே வடிவமைக்க வேண்டும்?

"சுவீடன்ல எரிக்கிறாங்களே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அங்கே அந்தச் சூட்டைக் குழாயில் கொண்டுபோய் வீடுகளைக் கதகதப்பாக்குகிறார்கள், தம்பி. நமக்கு அந்தத் தேவை இல்லை. "நம்ம ஜனங்க பிரிச்சுத் தர மாட்டாங்க" என்கிறார்கள். இந்தூரில் பிரித்துத் தருகிறார்கள். 2022இல் தொடங்கிய ஆலை நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையை வாங்கி எரிவாயுவாக்கும்படி கட்டப்பட்டது. நாம் என்ன அவர்களைவிடக் குறைந்தவர்களா?

பிரித்து எரிவாயு எடுக்கச் செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் ஈரக் குப்பையை உலையில் போட்டால் சூடு 850 டிகிரிக்குக் கீழே இறங்கலாம், டையாக்சின் என்ற நச்சு கிளம்பலாம். அந்தப் புகை யார் வீட்டுக்குப் போகும்? கைதட்டியவர்கள் தெருவுக்கு வராது. ஊருக்கு வெளியே ஒரு கிராமத்துக்குப் போகும். நம் ஊர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் பெங்களூருக் கழிவு என்று கொதிக்கிறோமே, அதே வேலையை நாம் இன்னொருவருக்குச் செய்யலாமா?

பதினெட்டு வருடமாக இந்த ஊரில் வரி கட்டுகிறேன். என் பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள். நான் இந்த ஊர் வளர்வதை விரும்பாதவனாம். அந்தச் சொல் வலிக்கிறது, மறைக்கவில்லை.

தராசு வாங்கிவிட்டேன். நாளையிலிருந்து ஒரு வாரம் எங்கள் தெருக் குப்பையைப் பிரித்து எடைபோட்டு, ஒரு பங்கை வெயிலில் காயவைத்து மறுபடி நிறுத்துப் பார்க்கப்போகிறேன். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு வருகிறேன். கூட வர நினைப்பவர்கள் காலை ஆறு மணிக்கு, தூய்மைப் பணியாளர் வண்டி வரும் முன் வந்துவிடுங்கள்.