பெட்டியில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை

சோனியின் வீடியோ கேம் கன்சோலான பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2. அப்போது டிஸ்க் போடும் மாடலுக்கு எம்ஆர்பி 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாததுக்கு 39,990. கன்சோலுக்கு வேண்டிய சிப்களின் தட்டுப்பாடு அந்த வருஷம் தீபாவளிக்கும் தீரவில்லை. அதைச் சாக்காக வைத்துச் சில கடைக்காரர்கள் செய்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

எம்ஆர்பிக்கு மேல் விற்பது குற்றம். அது தெரிந்ததால் நேராக விலையை ஏற்ற மாட்டார்கள். "தனியா கன்சோல் இல்லைங்க, காம்போவாத்தான் இருக்கு" என்பார்கள். அன்றைய விலையில் இரண்டாவது கன்ட்ரோலர் 5,990, ஒரு கேம் 4,999. கேட்காத சாமானோடு சேர்த்து 60,979! பெட்டிக்குள்ளேயே ஒரு கன்ட்ரோலர், ஹெச்டிஎம்ஐ கேபிள், ஸ்டாண்ட் எல்லாம் இருந்தன. ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் கேமும் கன்சோலிலேயே வருகிறது. தனியாக ஆடுகிறவருக்கு இன்னொரு கன்ட்ரோலர் எதற்கு?

அதைவிட அநியாயம், பில்லில் எம்ஆர்பியைப் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாகக் கேட்பது. கொடுத்துவிட்டால் கையில் ஆதாரமே இருக்காது. முழுத் தொகையையும் யுபிஐயிலோ கார்டிலோ மட்டும் கட்டுங்கள், ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். அதற்கு முன்னால் பெட்டியின் ஸ்டிக்கரில் இறக்குமதியாளர் பெயர், மாதம், வருடம், எம்ஆர்பி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கரே இல்லையென்றால் அது பெரும்பாலும் வெளிநாட்டுக்கென்று வந்த பெட்டி. பழுதானால் இங்கே வாரன்டிக்கு அலைய வேண்டியிருக்கும். எம்ஆர்பிக்கு மேல் பிடுங்கினால் ஸ்டிக்கர் படத்தையும் பில்லையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லுங்கள்.